டென்னிஸ் ரிட்ச்சி

டென்னிஸ் ரிட்ச்சி (செப்டம்பர் 9, 1941 – அக்டோபர் 2011) ஓர் அமெரிக்கக் கணினியியலாளர் ஆவார். சி நிரலாக்க மொழியை உருவாக்கியவர் இவர். கென் தாம்ப்சனுடன் இணைந்து யுனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரும் ஆவார். இப்பணிகளுக்காக 1983ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது தாம்ப்சனுக்கும் இவருக்கும் கூட்டாக வழங்கப்பட்டது. கணினித் துறையினரிடையே தம் பெயரின் மூன்று முதலெழுத்துகளாலான டி.எம்.ஆர். என்னும் பயனர் பெயராலும் இவர் அறியப்பட்டார்.

ஓர் இயங்குதளத்தின் மையப் பகுதி கெர்னல் அல்லது கரு எனப்படும். நினைவகம், வட்டு, விசைப்பலகை போன்றவற்றை நேரடியாக ஆள்வது கருவே. மனிதர் எழுதும் மூலநிரலைக் கணினி இயக்கக்கூடிய பொறிமொழியாக மாற்றித் தருவது கம்பைலர் எனப்படும் தொகுப்பி ஆகும். 1970களின் தொடக்கம் வரை இயங்குதளங்களின் கரு பெரும்பாலும் அந்தந்தக் கணினிக்குரிய அசெம்பிளி மொழியிலேயே எழுதப்பட்டு வந்தது. ரிட்ச்சி தம் தொகுப்பியைப் படிப்படியாக மேம்படுத்தினார். அதைக்கொண்டு யுனிக்ஸ் கரு 1973இல் முழுமையாக மறுபடியும் எழுதப்பட்டது. அக்காலம் முதல் மொழியின் வளர்ச்சியும் கருவின் வளர்ச்சியும் ஒன்றையொன்று சார்ந்தே நிகழ்ந்தன. இவ்விரண்டையும் ஒருசேர அறிந்திருந்தமையே ரிட்ச்சியின் பணியின் தனித்தன்மை எனலாம்.

இளமையும் கல்வியும்

ரிட்ச்சி நியூயார்க் மாநிலத்தின் பிராங்க்ஸ்வில் என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய தந்தை அலிஸ்டேர் ரிட்ச்சி, பெல் ஆய்வுகூடத்தில் நீண்டகாலம் பணியாற்றிய அறிவியலாளர். தொலைபேசி இணைப்பகங்களுக்குத் தேவையான நிலைமாற்றிச் சுற்றுகளின் வடிவமைப்பு பற்றிய நூலொன்றின் ஆசிரியர்களுள் ஒருவர். ரிட்ச்சி சிறுவனாக இருந்தபோதே குடும்பம் நியூ ஜெர்சி மாநிலத்தின் சம்மிட் நகருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிக் கல்வியை அங்கேயே முடித்தார்.

பின்னர் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1963இல் இயற்பியலில் இளங்கலைப் பட்டம் பெற்றார். அங்கிருந்த யுனிவாக் கணினி பற்றிய விரிவுரையைக் கேட்டதே கணினித் துறையில் இவருக்கு ஆர்வம் ஏற்படக் காரணமாயிற்று. மேற்படிப்பைப் பயன்பாட்டுக் கணிதத்தில் தொடர்ந்தார். நிரல்களின் அமைப்புக்கும் அவற்றின் கணிப்புச் சிக்கற்தன்மைக்கும் உள்ள தொடர்பு இவருடைய ஆய்வுப் பொருளாகும். ஆய்வேட்டை 1968இல் எழுதி முடித்தார்; ஆயினும் கட்டமிடப்பட்ட படியை நூலகத்தில் முறைப்படி ஒப்படைக்காத காரணத்தால் முனைவர் பட்டம் இவருக்கு வழங்கப்படவில்லை. பல்லாண்டுகள் காணக் கிடைக்காமலிருந்த அந்த ஆய்வேட்டைக் கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம் 2020இல் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட்டது.

பெல் ஆய்வுகூடமும் மல்டிக்சும்

1967இல் ரிட்ச்சி, நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில் அமைந்திருந்த பெல் ஆய்வுகூடத்தின் கணிப்பு அறிவியல் ஆய்வு மையத்தில் சேர்ந்தார். அப்போது மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம், பெல் ஆய்வுகூடம் ஆகிய மூன்றும் கூட்டாக மல்டிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கி வந்தன. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வகை செய்வது இத்திட்டத்தின் நோக்கமாகும்.

மல்டிக்சின் கரு பெரும்பாலும் பிஎல்/1 என்னும் உயர்நிலை மொழியில் எழுதப்பட்டது. எனவே, கருவை உயர்நிலை மொழியில் எழுதும் கருத்து ரிட்ச்சிக்குப் புதியதன்று. ஆனால் மல்டிக்ஸ் பெருங்கணினிக்கானது. அதன் மொழியும் மிகப் பெரியது. திட்டம் எதிர்பார்த்த காலத்தில் முடிவடையாததால் 1969இல் பெல் ஆய்வுகூடம் அதிலிருந்து விலகிக்கொண்டது.

யுனிக்சின் தோற்றம்

மல்டிக்சில் பணியாற்றிய கென் தாம்ப்சன் 1969இல், அதிகம் பயன்படாமலிருந்த பிடிபி-7 என்னும் சிறிய கணினியில் தாமே ஓர் இயங்குதளத்தை எழுதினார். அக்கணினியின் நினைவகம் 18 பிட்டு அளவுள்ள 8,000 சொற்களை மட்டுமே கொண்டது. இதுவே பின்னர் யுனிக்ஸ் எனப் பெயர் பெற்றது. கோப்பு முறைமையின் வடிவமைப்பில் தாம்ப்சனுடன் ரிட்ச்சியும் ரூட் கெனடேயும் பங்கேற்றனர்.

ஆய்வுகூடத்தின் காப்புரிமைப் பிரிவுக்கு ஆவணம் தயாரிக்கும் அமைப்பு ஒன்றை உருவாக்கித் தருவதாகக் கூறி, இக்குழுவினர் பிடிபி-11 என்னும் புதிய கணினியைப் பெற்றனர். கணினி 1970இல் வந்து சேர்ந்தது. அதன் நினைவகம் 24 கிலோபைட்டு. அதில் பாதியை, அதாவது 12 கிலோபைட்டை, இயங்குதளமே எடுத்துக்கொண்டது. கரு முழுவதும் அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டது. யுனிக்சின் முதற்பதிப்புக் கையேடு 1971 நவம்பரில் வெளியாயிற்று.

பி மொழியின் குறைகள்

தாம்ப்சன் பிடிபி-7 கணினிக்காகப் பி என்னும் சிறிய மொழியையும் உருவாக்கியிருந்தார். மார்ட்டின் ரிச்சர்ட்சின் பிசிபிஎல் மொழியைச் சுருக்கி உருவாக்கப்பட்டது இது. இம்மொழியில் தரவு வகைகள் இல்லை. எல்லா மாறிகளும் கணினியின் ஒரு சொல் அளவே கொண்டவை. அச்சொல்லில் உள்ளது எண்ணா, எழுத்தா, முகவரியா என்பதை நிரலரே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிடிபி-11 கணினிக்கு இம்முறை பொருந்தவில்லை. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, பிடிபி-11 நினைவகத்தைப் பைட்டு பைட்டாக முகவரியிட்டது. பி மொழியோ சொற்களை மட்டுமே அறியும். ஆதலால் ஒவ்வோர் எழுத்தையும் கையாளச் சுற்றுவழிகள் தேவைப்பட்டன.

இரண்டாவது, பி மொழியில் சுட்டு என்பது சொற்களின் வரிசை எண். நினைவகத்தை அணுகும் ஒவ்வொரு முறையும் அதைப் பைட்டு முகவரியாக மாற்ற வேண்டியிருந்ததால் நிரல்கள் மெதுவாக இயங்கின.

மூன்றாவது, மிதவைப் புள்ளி எண்களைக் கையாளும் வசதி பிடிபி-11க்கு வரவிருந்தது. அத்தகைய எண் 16 பிட்டுச் சொல்லுக்குள் அடங்காது.

மேலும் அக்காலத்துப் பி தொகுப்பி நேரடியாகப் பொறிக் கட்டளைகளைத் தரவில்லை. இக்காரணங்களால் கருவைப் பி மொழியில் எழுதுவது இயலாததாயிற்று.

புதிய தொகுப்பி

1971இல் ரிட்ச்சி பி மொழியை விரிவாக்கத் தொடங்கினார். முதலில் எழுத்து வகையைச் சேர்த்தார். தொகுப்பியை மாற்றியெழுதி நேரடியாகப் பிடிபி-11 பொறிக் கட்டளைகளை உருவாக்கச் செய்தார். இம்மொழி சில காலம் புதிய பி என்றே வழங்கிற்று. பின்னர் முழு எண், எழுத்து, அவற்றின் அணிகள், அவற்றைச் சுட்டும் சுட்டுகள் எனத் தரவு வகைகள் பெருகின. மொழி தன் மூலத்திலிருந்து வெகுவாக விலகிவிட்டதால் அதற்குச் சி என்னும் புதிய பெயரை இட்டார். 1972ஆம் ஆண்டே இம்மொழியின் வளர்ச்சியில் மிகுந்த ஆக்கம் நிகழ்ந்த காலமாகும். 1973இன் தொடக்கத்தில் இன்று நாம் அறியும் சி மொழியின் அடிப்படைகள் ஏறத்தாழ நிறைவெய்தின.

1972ஆம் ஆண்டு முயற்சி

தொகுப்பி ஓரளவு முதிர்ந்ததும், 1972இல் தாம்ப்சன் கருவைச் சி மொழியில் எழுத முயன்றார். ஆனால் அம்முயற்சி சிறிது காலத்திலேயே கைவிடப்பட்டது.

அன்றைய சி மொழியில் ஸ்ட்ரக்சர் எனப்படும் கட்டமைப்பு இல்லை. ஒரு கருவின் பெரும்பகுதி அட்டவணைகளைக் கையாளும் பணியே ஆகும். இயங்கிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பதிவு, திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பதிவு, வட்டின் ஒவ்வோர் இடையகத்துக்கும் ஒரு பதிவு எனப் பல அட்டவணைகள் அதில் உண்டு. ஒவ்வொரு பதிவிலும் எண்ணும் எழுத்தும் முகவரியும் கலந்திருக்கும். இவ்வாறு வெவ்வேறு வகைத் தரவுகளை ஒரே பெயரின் கீழ்த் தொகுக்கும் வழி மொழியில் இல்லாதபோது, நிரலர் ஒவ்வோர் உறுப்பின் இடத்தையும் தாமே கணக்கிட வேண்டியிருந்தது. அந்நிலையில் அசெம்பிளி மொழியைவிடச் சி மொழியால் பெரிய நன்மை கிட்டவில்லை.

கட்டமைப்பும் கோப்பகப் பதிவும்

ரிட்ச்சி இக்குறையைத் தீர்க்கக் கட்டமைப்பு வகையை மொழியில் சேர்த்தார். அவ்வாறு சேர்க்கும்போது எழுந்த சிக்கல் ஒன்று சி மொழியின் மிக முக்கியமான விதி ஒன்றுக்குக் காரணமாயிற்று.

அக்கால யுனிக்சில் கோப்பகத்தின் ஒவ்வொரு பதிவும் வட்டில் 16 பைட்டுகளைக் கொண்டது. முதல் 2 பைட்டுகளில் கோப்பின் எண்ணும், அடுத்த 14 பைட்டுகளில் கோப்பின் பெயரும் இருக்கும். வட்டிலிருந்து படித்த பைட்டுகளை அப்படியே ஒரு கட்டமைப்பாகக் கருதி அணுக வேண்டும் என்று ரிட்ச்சி விரும்பினார். இதில், பெயர் என்பது 14 எழுத்துகள் கொண்ட ஓர் அணி.

பி மொழியின் வழக்கப்படி ஓர் அணியை அறிவித்தால், அணிக்குரிய இடத்தோடு அதன் தொடக்கத்தைச் சுட்டும் ஒரு சுட்டும் நினைவகத்தில் தனியே உருவாக்கப்படும். அதே வழக்கத்தைக் கட்டமைப்புக்குள்ளும் பின்பற்றினால் அச்சுட்டை எங்கே வைப்பது? வட்டிலுள்ள 16 பைட்டுகளில் அதற்கு இடமில்லை. வேறோர் இடத்தில் மறைத்து வைத்தாலும், ஒவ்வொரு முறை நினைவகம் ஒதுக்கும்போதும் அதற்கு உரிய மதிப்பை இட்டாக வேண்டும்.

ரிட்ச்சி கண்ட தீர்வு எளிமையானது. அச்சுட்டை நினைவகத்தில் வைக்கவே வேண்டியதில்லை. அணியின் பெயர் ஒரு கோவையில் வரும்போது மட்டும், அதன் முதல் உறுப்பைச் சுட்டும் சுட்டாகத் தொகுப்பியே அதை மாற்றிக்கொள்ளும். இன்று சி மொழி பயிலும் மாணவர்கள் பெரிதும் குழம்பும் அணி–சுட்டு உறவு இவ்வாறு தோன்றியதே. பி மொழியில் எழுதப்பட்ட பழைய நிரல்கள் பெரும்பாலும் மாற்றமின்றி இயங்கவும் இவ்விதி துணை புரிந்தது.

தன்னைத் தானே தொகுக்கும் தொகுப்பி

சி தொகுப்பி சி மொழியிலேயே எழுதப்பட்டதாகும். எனவே புதிய தொகுப்பியை உருவாக்கப் பழைய தொகுப்பி தேவை. மொழியில் புதிய வசதி ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் இரு படிகளில் செய்ய வேண்டும். முதலில், புதிய வசதியைப் புரிந்துகொள்ளும் நிரற்பகுதியைப் பழைய மொழியிலேயே எழுதி, பழைய தொகுப்பியால் தொகுக்க வேண்டும். அவ்வாறு கிடைத்த தொகுப்பி சரியாக இயங்குவது உறுதியான பின்னரே, தொகுப்பியின் சொந்த மூலநிரலில் அப்புதிய வசதியைப் பயன்படுத்தலாம். இரண்டாம் படியை எடுத்தபின் பழைய தொகுப்பியால் அம்மூலநிரலைத் தொகுக்க இயலாது. பிழையுள்ள தொகுப்பியை நிறுவிவிட்டுப் பழையதை அழித்துவிட்டால், பிழையைத் திருத்துவதற்கான கருவியும் இல்லாமற்போகும்.

ரிட்ச்சி இத்தகைய இரு கட்டங்களின் படிகளைக் காந்த நாடாக்களில் சேமித்து வைத்திருந்தார். அவற்றுள் ஒன்று, தொகுப்பியின் சொந்த மூலநிரல் கட்டமைப்புகளைப் பயன்படுத்தத் தொடங்குவதற்குச் சற்று முந்திய நிலையைச் சேர்ந்ததாகும். மற்றொன்று அதனினும் பழையது. பிற்காலத்தில் இவ்விரு மூலநிரல்களையும் தம் வலைப்பக்கத்தில் அவர் பொதுவில் வெளியிட்டார். எஞ்சியுள்ள சி தொகுப்பிகளுள் மிகப் பழையவை இவையே.

1973: கரு மறுபடியும் எழுதப்படுதல்

கட்டமைப்புகள் சேர்க்கப்பட்ட தொகுப்பியைக் கொண்டு 1973ஆம் ஆண்டுக் கோடையில் தாம்ப்சனும் ரிட்ச்சியும் யுனிக்ஸ் கருவைச் சி மொழியில் மறுபடியும் எழுதினர். முந்தைய ஆண்டு கைவிடப்பட்ட பணி இம்முறை வெற்றி பெற்றது. சி மொழியில் எழுதப்பட்ட கருவைக் கொண்ட நான்காம் பதிப்பு 1973 நவம்பரில் வெளியாயிற்று.

இம்மாற்றத்துக்கு ஒரு விலை இருந்தது. புதிய கரு பழையதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரியதாயிற்று. நினைவகம் மிக அரிதாக இருந்த அக்காலத்தில் இது சிறிய இழப்பன்று. ஆனால் புதிய கரு படிக்கவும் திருத்தவும் எளிதாக இருந்தது. பல நிரல்களை ஒருசேர நினைவகத்தில் வைத்து இயக்குதல், ஒரே நிரற்பகுதியைப் பலர் பகிர்ந்துகொள்ளுதல் போன்ற புதிய வசதிகளும் அதில் இடம்பெற்றன. ஆகவே அளவு கூடியதை ஏற்கத்தக்கது என இருவரும் கருதினர்.

1973 அக்டோபரில் இயங்குதளக் கொள்கைகள் பற்றிய மாநாட்டில் யுனிக்ஸ் பற்றிய கட்டுரை அளிக்கப்பட்டது. அது 1974 ஜூலையில் அமெரிக்கக் கணிப்பொறிச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அப்போது யுனிக்ஸ் இயங்கிய பிடிபி-11/45 கணினியின் நினைவகம் 144 கிலோபைட்டு. அதில் யுனிக்ஸ் 42 கிலோபைட்டைப் பயன்படுத்தியது. 40,000 டாலர் மதிப்புள்ள கணினியிலும் இத்தகைய அமைப்பை இயக்கலாம் என்பது பல்கலைக்கழகங்களின் கவனத்தை ஈர்த்தது.

1978இல் தாம்ப்சன் வெளியிட்ட கணக்கின்படி, கருவில் சுமார் 10,000 வரிகள் சி மொழியிலும் சுமார் 1,000 வரிகள் அசெம்பிளி மொழியிலும் இருந்தன. அந்த 1,000 வரிகளிலும் சுமார் 800 வரிகள், சி மொழியில் எழுத இயலாத வன்பொருள் பணிகளுக்கானவை. விரைவு கருதி அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டவை சுமார் 200 வரிகள் மட்டுமே.

மொழி மாற்றங்களும் பழைய நிரல்களும்

தொகுப்பியை மாற்றும்போதெல்லாம் ஏற்கனவே எழுதப்பட்ட நிரல்களின் நிலை என்ன என்னும் கேள்வி எழுந்தது. ரிட்ச்சி இதற்கு எப்போதும் ஒரே விடையைத் தரவில்லை.

தொடக்கக் காலச் சி மொழியில் & என்னும் குறியே பிட்டுகளை ஒப்பிடவும், இரு நிபந்தனைகளை இணைக்கவும் பயன்பட்டது. ஆலன் ஸ்னைடரின் பரிந்துரைப்படி நிபந்தனைகளை இணைக்க && என்னும் தனிக் குறி சேர்க்கப்பட்டது. அப்போதே & குறியின் முன்னுரிமையை == குறிக்கு மேலாக உயர்த்தியிருக்க வேண்டும். அவ்வாறு செய்தால் பழைய நிரல்களின் பொருள் மாறிவிடும் என்று கருதி ரிட்ச்சி அதைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டார். அப்போது யுனிக்ஸ் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களிலேயே நிறுவப்பட்டிருந்தது. இம்முடிவு தவறானது என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். பிட்டுகளைப் பிரித்தெடுத்து ஒப்பிடும் நிரலர் இன்றும் அடைப்புக்குறி இட வேண்டியிருப்பதற்குக் காரணம் இதுவே.

வேறோர் இடத்தில் அவர் மாற்றத்தைத் தேர்ந்தெடுத்தார். கூட்டி இடும் குறி முதலில் =+ என்றும், கழித்து இடும் குறி =- என்றும் எழுதப்பட்டன. இதனால், ஒரு மாறிக்கு எதிர்ம எண்ணை இடும் கட்டளையில் இடைவெளி விடாவிட்டால் அது கழித்தலாகப் பொருள் கொள்ளப்பட்டது. 1976இல் இக்குறிகள் +=, -= என மாற்றப்பட்டன. பழைய குறிகளைப் பயன்படுத்திய நிரல்கள் யாவும் காலப்போக்கில் திருத்தப்பட்டன.

பிற கணினிகளில் யுனிக்ஸ்

1977இல் ரிட்ச்சி, தாம்ப்சன், ஸ்டீவ் ஜான்சன் ஆகியோர் யுனிக்சை இன்டர்டேட்டா 8/32 என்னும் கணினிக்கு மாற்றினர். பிடிபி-11 கணினியின் சொல் 16 பிட்டு. இதன் சொல் 32 பிட்டு. ஒரு சொல்லுக்குள் பைட்டுகள் அமையும் வரிசையும் இரண்டிலும் வேறு. இவர்கள் ஒவ்வாமையே கருதி இக்கணினியைத் தேர்ந்தெடுத்தனர் எனலாம். ஒரே காலத்தில் ஆஸ்திரேலியாவின் வுல்லங்காங் பல்கலைக்கழகத்திலும் யுனிக்ஸ் இன்டர்டேட்டா 7/32 கணினிக்குத் தனியே மாற்றப்பட்டது.

இப்பணிக்காக ஜான்சன் வெவ்வேறு கணினிகளுக்கு எளிதில் மாற்றத்தக்க புதிய தொகுப்பி ஒன்றை எழுதினார். அதுவரை கரு, பிடிபி-11 தொகுப்பியின் தாராளத்தைச் சார்ந்திருந்தது. முழு எண்ணும் சுட்டும் ஒன்றே எனக் கருதி எழுதப்பட்ட இடங்கள் பல. ஒரு கட்டமைப்பின் உறுப்பை, அக்கட்டமைப்புக்குத் தொடர்பில்லாத சுட்டின் வழியாகவும், வெறும் எண்ணின் வழியாகவும் அணுகப் பழைய தொகுப்பி இடமளித்தது. வன்பொருள் பதிவகங்களைக் கரு இவ்வாறே அணுகியது. எல்லாக் கட்டமைப்புகளின் உறுப்புப் பெயர்களும் ஒரே தொகுதியில் இருந்தமையால் பெயர் மோதலைத் தவிர்க்க முன்னொட்டு இடும் வழக்கமும் அக்காலத்தில் தோன்றிற்று.

கண்டிப்பான தொகுப்பி வந்ததும் இவ்விடங்களெல்லாம் திருத்தப்பட வேண்டியவையாயின. வகை மாற்றம், புதுப்பெயர் அறிவிப்பு, கூட்டு வகை, குறியற்ற முழு எண் போன்ற வசதிகள் இக்காலத்தில் மொழியில் இடம்பெற்றன. தொகுப்பி கண்டுகொள்ளாத ஐயத்துக்குரிய இடங்களைக் காட்டித் தர ஜான்சன் லின்ட் என்னும் சோதனை நிரலை எழுதினார். இப்பணியின் பயனை 1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் காணலாம்.

சி நூலும் சீர்தரமும்

1978இல் பிரையன் கெர்னிகனும் ரிட்ச்சியும் இணைந்து சி நிரலாக்க மொழி பற்றிய நூலை வெளியிட்டனர். மொழியின் முறையான விளக்கமாக அமைந்த பின்னிணைப்பை ரிட்ச்சி எழுதினார். சீர்தரம் உருவாகும்வரை தொகுப்பி எழுதுவோருக்கு இந்நூலே அளவுகோலாக விளங்கியது.

1983இல் அமெரிக்கத் தேசியச் சீர்தரக் கழகம் சி மொழிக்கான குழுவை அமைத்தது. 1989இல் சீர்தரம் ஏற்கப்பட்டது. செயற்கூறுகளின் உள்ளீட்டு வகைகளை அறிவிக்கும் புதிய முறை இதில் சேர்க்கப்பட்டது. தொகுப்பிகள் நிரலைத் தாமே சீர்செய்து விரைவாக்கத் தொடங்கியமையும் குழுவின் கவனத்துக்கு வந்தது. எடுத்துக்காட்டாக, ஒரு சாதனத்தின் பதிவகத்தைக் கரு திரும்பத் திரும்பப் படிக்கும்போது, அதன் மதிப்பு மாறாது எனக் கருதும் தொகுப்பி ஒரே ஒருமுறை படித்துவிட்டு நின்றுவிடக்கூடும். இதைத் தவிர்க்க வோலட்டைல் என்னும் குறிச்சொல் சேர்க்கப்பட்டது.

இதே நோக்கில், இரு சுட்டுகள் ஒரே இடத்தைச் சுட்டமாட்டா எனத் தொகுப்பிக்கு உறுதியளிக்கும் நோஅலையஸ் என்னும் குறிச்சொல்லும் முன்மொழியப்பட்டது. சரியாக எழுதப்பட்ட நிரல்களும் இதனால் பிழைபடும் எனக் காட்டி, 1988இல் ரிட்ச்சி குழுவுக்குக் கடுமையான எதிர்ப்பைத் தெரிவித்தார். குழு அம்முன்மொழிவைக் கைவிட்டது. பொதுவாகக் குழுவின் பணிகளில் தலையிடாதிருந்த அவர் வெளிப்படையாக எதிர்த்த நிகழ்வு இதுவாகும்.

பிற பணிகள்

கோப்பின் உரிமையாளருக்குரிய அதிகாரத்துடன் பிறர் ஒரு நிரலை இயக்க வகை செய்யும் முறையை ரிட்ச்சி கண்டறிந்தார். இதற்கான காப்புரிமை 1979இல் வழங்கப்பட்டது. உள்ளீடு, வெளியீட்டைக் கையாளும் ஸ்ட்ரீம்ஸ் என்னும் அமைப்பை 1984இல் வெளியிட்டார். பின்னர் பெல் ஆய்வுகூடத்தில் உருவான பிளான் 9, இன்ஃபெர்னோ ஆகிய இயங்குதளங்களின் உருவாக்கத்திலும் பங்கேற்றார். அமைப்பு மென்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராகப் பணியாற்றி 2007இல் ஓய்வு பெற்றார்.

விருதுகள்

1983 – டூரிங் விருது (கென் தாம்ப்சனுடன்)
1988 – அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழக உறுப்பினராகத் தேர்வு
1990 – ஐ.இ.இ.இ. ரிச்சர்ட் ஹாமிங் பதக்கம் (கென் தாம்ப்சனுடன்)
1998 – அமெரிக்கத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் (கென் தாம்ப்சனுடன், 1999 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் பில் கிளின்டனால் வழங்கப்பட்டது)
2011 – ஜப்பான் பரிசு (கென் தாம்ப்சனுடன்)

மறைவு

ரிட்ச்சி நியூ ஜெர்சியின் பெர்க்லி ஹைட்ஸில் தனியே வாழ்ந்து வந்தார். சில காலம் உடல்நலம் குன்றியிருந்த அவர், 2011 அக்டோபர் 12 அன்று தம் இல்லத்தில் இறந்த நிலையில் காணப்பட்டார். அப்போது அவருக்கு அகவை 70. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்து ஒரு வாரமே ஆகியிருந்ததால், இவருடைய மறைவு பொது ஊடகங்களில் ஒப்பளவில் சிறிய இடத்தையே பெற்றது. 2011 நவம்பரில் வெளியான ஃபெடோரா 16, 2012 சனவரியில் வெளியான ஃப்ரீபிஎஸ்டி 9.0 ஆகிய இயங்குதளப் பதிப்புகள் இவருடைய நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டன.

தாக்கம்

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருவும் சி மொழியிலேயே எழுதப்பட்டு, குனூ திட்டத்தின் தொகுப்பியால் தொகுக்கப்பட்டது. ரிட்ச்சியும் தாம்ப்சனும் எதிர்கொண்ட அதே சிக்கல் லினக்சிலும் தொடர்கிறது. தொகுப்பியின் புதிய பதிப்பு முன்பு கண்டுகொள்ளாத பிழையைக் காட்டலாம். அல்லது சீர்தரம் உறுதியளிக்காத ஒன்றை நம்பி எழுதப்பட்ட இடத்தில் வேறுவிதமான பொறிக் கட்டளைகளைத் தரலாம். வெவ்வேறு வகைச் சுட்டுகள் ஒரே இடத்தைச் சுட்டமாட்டா என்று தொகுப்பி கருதுவதைத் தடுக்கும் தெரிவுடனேயே லினக்ஸ் கரு தொகுக்கப்படுகிறது. 1988இல் ரிட்ச்சி எழுப்பிய ஐயத்துடன் இது நெருங்கிய தொடர்புடையதாகும். நீண்டகாலம் 1989ஆம் ஆண்டுச் சீர்தரத்தையே அடிப்படையாகக் கொண்டிருந்த லினக்ஸ், 2022இல் வெளியான 5.18ஆம் பதிப்பில்தான் 2011ஆம் ஆண்டுச் சீர்தரத்துக்கு மாறியது.

தொகுப்பியைப் புதுப்பித்தபின் கருவை மறுபடி தொகுப்போர், புதிய கரு சரியாக இயங்குவது உறுதியாகும்வரை பழைய கருவையும் பழைய தொகுப்பியையும் அழிக்காமல் வைத்திருப்பது வழக்கம். மர்ரே ஹில்லில் 1972–73ஆம் ஆண்டுகளில் நாடாக்களில் சேமிக்கப்பட்ட தொகுப்பிகள் இவ்வழக்கத்தின் பழமையைக் காட்டுகின்றன. அந்நாடாக்களோடு கிடைத்த 1973ஆம் ஆண்டுக் கருவின் மூலநிரல், மூன்றாம் பதிப்புக்கும் நான்காம் பதிப்புக்கும் இடைப்பட்டதாகும். யுனிக்ஸ் வரலாற்று ஆர்வலர்கள் அதை மீட்டெடுத்து மீண்டும் இயங்கச் செய்துள்ளனர்.